பழைய ஒலிபெருக்கிக்கு மீண்டும் குரல்: கிராஸ்ஓவர் செப்பனிடுவது எப்படி?

அல்சூர் ஏரிக்கு அருகே ஒரு தெருவில் வசிக்கும் அம்மாள் ஒருவர், சென்ற ஆண்டு பொங்கல் முடிந்த வாரத்தில் எனக்குச் சொல்லி அனுப்பினார். அவருடைய கணவர் பெங்களூரில் ஒரு பொதுத்துறை ஆலையில் முப்பது ஆண்டுக் காலம் வேலை பார்த்தவர். பாட்டுப் பிரியர். 1980களில் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் மூலம் ஒரு ஜோடி ஒலிபெருக்கிப் பெட்டிகளை வரவழைத்து, அவற்றைக் கண்ணாகக் காத்தவர்.

"தம்பி, அவர் போயி ஆறு வருஷம் ஆச்சு. பெட்டி ரெண்டும் அப்படியே இருக்கு. பாட்டுப் போட்டா யாரோ கம்பளியைப் போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு. பையன் தூக்கிப் போட்டுடலாம்ங்கிறான். எனக்கு மனசு வரலை. நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க. அப்புறம் போடுறதா வைக்கிறதான்னு முடிவு பண்ணிக்கலாம்" என்றார்.

ரிப்பேர்க் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, "ட்வீட்டர் போயிடுச்சு, இந்த மாடலுக்கு இனிமே கிடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் ட்வீட்டர் போகவில்லை. போனது அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்த, சுண்டுவிரல் அளவுள்ள ஒரு சிறு பொருள். அதை மாற்ற ஆன செலவு, இருவர் ஓட்டலில் சிற்றுண்டி சாப்பிடும் செலவைவிடக் குறைவு.

தமிழ்நாட்டை விட்டு வந்து இந்த ஊரில் வேரூன்றிய நம் குடும்பங்கள் பலவற்றில் இப்படிப்பட்ட பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. 1991க்கு முன்பு வெளிநாட்டுச் சாமான் என்றால் சுங்கவரி கட்டி மாளாது. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஊருக்கு வருகிறவர்களிடம் சொல்லி வைத்து வாங்கினோம். இல்லாவிட்டால் கொல்கத்தா, பம்பாய் கம்பெனிகளின் உள்நாட்டுப் பெட்டிகளைத் தவணையில் வாங்கினோம். அவற்றில் நல்ல தச்சுவேலையும் நல்ல காந்தமும் உண்டு. ஒரு சிறு பழுதுக்காக அவை பழைய இரும்புக் கடைக்குப் போவது நியாயமில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் இருக்கும் பங்காளிகள்

இன்று நாம் பயன்படுத்தும் ஒலிபெருக்கியின் அடிப்படை அமைப்பை, அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925இல் விளக்கி எழுதினார்கள். காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்சாரம் ஓடினால் கூம்பு முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம் காற்றைத் தள்ளுகிறது, நம் காதுக்கு ஒலி வருகிறது.

மனிதக் காது ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இந்த முழு வீச்சையும் ஒரே கூம்பால் நன்றாகத் தர முடியாது. தவிலின் தொப்பிப் பக்கம் எழுப்பும் கனத்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய கூம்பு தேவை. ஜால்ராவின் கிணுகிணுப்புக்கு நொடிக்குப் பல ஆயிரம் தடவை ஆட வேண்டும். கனமான கூம்பு அவ்வளவு வேகமாக ஆடாது. எனவே பெரிய கூம்பை 'ஊஃபர்' என்றும், சிறு குமிழை 'ட்வீட்டர்' என்றும் வைத்து வேலையைப் பங்கு போட்டார்கள். 1930களின் நடுவில் ஹாலிவுட் எம்.ஜி.எம். நிறுவனத்தில் டக்ளஸ் ஷியரர் குழுவினர் உருவாக்கிய திரையரங்க ஒலிபெருக்கி இந்த முறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

பங்கு போட்டால் நடுவர் வேண்டுமல்லவா? எந்த ஒலி எந்தப் பங்காளிக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிற மின்சுற்றுதான் கிராஸ்ஓவர். தமிழில் 'ஒலிப்பிரிப்பான்' எனலாம். ஆனால் கடையில் அப்படிக் கேட்டால் யாருக்கும் புரியாது. ஆகவே இங்கே கிராஸ்ஓவர் என்றே எழுதுகிறேன்.

நடுவரே வேண்டாம் என்று செய்தவர்களும் உண்டு. வங்காளத் தந்தைக்குப் பிறந்த அமர் போஸ் 1968இல் வெளியிட்ட 901 என்ற பெட்டியில், ஒரே அளவான ஒன்பது சிறு கூம்புகள் இருந்தன. கிராஸ்ஓவர் கிடையாது. பதிலுக்கு ஒலியைத் திருத்தித் தரும் தனிக் கருவி ஒன்று வேண்டியிருந்தது. ஏதாவது ஒரு வகையில் விலை கொடுக்காமல் முழு வீச்சும் கிடைப்பதில்லை.

கண்டென்சரும் காயிலும்

கிராஸ்ஓவரில் மூன்று வகை உறுப்புகளே இருக்கும். பள்ளிப் பாடத்தில் மின்தேக்கி என்று படித்ததைக் கடைத்தெருவில் கண்டென்சர் என்கிறார்கள். அது மெதுவான அதிர்வுகளைத் தடுத்து, வேகமானவற்றை விடும். மின்தூண்டி எனப்படும் காயில் இதற்கு நேர் எதிர்: மெதுவானவற்றை விடும், வேகமானவற்றைத் தடுக்கும். மூன்றாவது ரெசிஸ்டர், அதாவது மின்தடை. அது எல்லா அதிர்வுகளையும் ஒரே மாதிரி குறைக்கும்.

ட்வீட்டருக்கு முன்னால் ஒரு கண்டென்சர், ஊஃபருக்கு முன்னால் ஒரு காயில். இதுதான் மிக எளிய கிராஸ்ஓவர். இதற்குக் கணக்கும் எளிது. பிரியும் இடத்தின் ஹெர்ட்ஸ், ட்வீட்டரின் ஓம், 6.28 ஆகிய மூன்றையும் பெருக்கி, 1ஐ அந்தத் தொகையால் வகுத்தால் ஃபாரட் அளவில் கண்டென்சரின் மதிப்பு வரும். 8 ஓம் ட்வீட்டரை 3,000 ஹெர்ட்ஸில் பிரிக்க வேண்டுமானால் சுமார் 6.6 மைக்ரோஃபாரட். அதே இடத்தில் 8 ஓம் ஊஃபரைப் பிரிக்கும் காயில் சுமார் 0.42 மில்லிஹென்றி. (ட்வீட்டரின் ஓம் எல்லா அதிர்விலும் ஒன்றாக இருப்பதில்லை. எனவே இது தோராயக் கணக்குத்தான்.)

இந்தக் கணக்கில் ஒரு உண்மை அடங்கியிருக்கிறது. கண்டென்சரின் மதிப்பு பாதியானால், பிரியும் இடம் இரட்டிப்பாகும். 3,000 ஹெர்ட்ஸில் வேலையைத் தொடங்க வேண்டிய ட்வீட்டர் 6,000இல்தான் தொடங்கும். ஊஃபரோ தன் பங்கை 3,000இலேயே குறைக்கத் தொடங்கிவிடும். நடுவில் பள்ளம்! மதிப்பு கூடிவிட்டாலோ வேறு ஆபத்து. ட்வீட்டருக்குத் தாங்காத கனத்த ஒலியும் அதற்குள் நுழையும். சத்தமாக வைத்தால் சுருள் எரிந்துபோகலாம்.

காலம் எதைக் கெடுக்கிறது?

பழைய பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது இருமுனை எலக்ட்ரோலிடிக் கண்டென்சர். அலுமினியத் தகடும், மின்பகு திரவம் நனைத்த காகிதமும் சுருட்டி அடைத்த டப்பா அது. மலிவு, இடமும் குறைவு. அதனால்தான் கம்பெனிகள் அதைப் போட்டன. இருபது முப்பது ஆண்டுகளில் உள்ளிருக்கும் திரவம் மெல்ல உலர்கிறது. அப்போது இரண்டு கோளாறுகள் வரும். ஒன்று, மேலே சொன்ன மதிப்பு மாறுவது. இன்னொன்று, கண்டென்சருக்கு உள்ளேயே ஒரு மின்தடை வளர்வது. இதை ஈ.எஸ்.ஆர். என்பார்கள். நான் 'உள்தடை' என்று சொல்கிறேன்.

உள்தடை 2 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 8 ஓம் ட்வீட்டருக்குப் போக வேண்டிய மின்னழுத்தத்தில் பத்தில் எட்டுப் பங்குதான் போய்ச் சேரும். டெசிபல் கணக்கில் சுமார் 2 குறைவு. 4 ஓம் ஆனால் சுமார் 3.5 டெசிபல் குறையும். இது ஒரே நாளில் நடந்தால் உடனே தெரிந்துவிடும். இருபது ஆண்டில் நடப்பதால் வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. நமக்கு வயதாகி மேல் ஸ்தாயி கேட்பது குறைவதும் அதே காலத்தில்தான் என்பதால், "காது மந்தமாயிடுச்சு போல" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

காயில் வெறும் செப்புக் கம்பி. அது சாதாரணமாக வயதால் கெடாது. ரெசிஸ்டர் சூட்டில் கருகியிருந்தால் மட்டும் மாற்ற வேண்டும். சில பெட்டிகளில் ட்வீட்டரின் அளவைக் கூட்டிக் குறைக்கத் திருகுக் குமிழ் உண்டு. அதன் உட்பரப்பில் களிம்பேறும். அமெரிக்காவில் 1967இல் வந்த ஏஆர்-3ஏ என்ற புகழ்பெற்ற பெட்டியில், இந்தக் குமிழின் களிம்புதான் இன்றுவரை செப்பனிடுவோர் முதலில் பார்க்கும் இடம். 575 ஹெர்ட்ஸிலும் 5,000 ஹெர்ட்ஸிலும் பிரியும் மூவழிப் பெட்டி அது. ட்வீட்டர் செத்துவிட்டது என்று நினைத்தவர்கள், குமிழைச் சுத்தம் செய்த பிறகு அது உயிரோடிருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

நான் செய்த தவறு

இங்கே என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2004 வாக்கில் என்னிடம் இருந்த ஒரு பழைய ஆங்கிலேயப் பெட்டி ஜோடிக்கு 'புத்துயிர்' தரக் கிளம்பினேன். எதையும் அளக்கவில்லை. இருந்த எலக்ட்ரோலிடிக் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து, விலை உயர்ந்த பாலிப்ரொப்பிலீன் கண்டென்சர்களைப் போட்டேன். காயில்களையும் தடித்த கம்பியில் புதிதாகச் சுற்றினேன். விலை கூடினால் ஒலியும் கூடும் என்ற எண்ணம்.

கேட்டால், காதைக் கிழித்தது. வயலின் தகரத்தில் கீறுகிற மாதிரி இருந்தது. அதோடு பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ பின்னால் போய்விட்டது.

பல மாதம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. முதலாவது: பழைய கண்டென்சர் புதிதாக இருந்தபோதே அதில் சிறிது உள்தடை உண்டு. வடிவமைத்தவர் அதையும் கணக்கில் வைத்துத்தான் ட்வீட்டரின் அளவை நிர்ணயித்திருந்தார். பாலிப்ரொப்பிலீனில் உள்தடை ஏறத்தாழ இல்லை. 1 ஓம் நீங்கினாலே ட்வீட்டர் 1 டெசிபல் கூடிவிடும். அதற்கு ஈடாக ஒரு சிறு ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டிருக்க வேண்டும். இரண்டாவது: காயிலின் கம்பியைத் தடிப்பாக்கியதால் அதன் மின்தடையும் குறைந்தது. ஊஃபரின் நடத்தையே மாறிவிட்டது.

மூன்றாவதுதான் பெரிய தவறு. ட்வீட்டரின் கம்பிகள் தலைகீழாக இணைக்கப்பட்டிருந்ததைப் பார்த்து, "யாரோ தெரியாமல் மாற்றி வைத்திருக்கிறான்" என்று நினைத்து, சிவப்பைச் சிவப்போடு சேர்த்தேன். ஒவ்வொரு பங்காளிக்கும் ஒரு கண்டென்சரும் ஒரு காயிலுமாகப் போடும் இரண்டாம் படிச் சுற்றில், இரண்டின் அலைகளும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் ஆடும். அதைச் சரிக்கட்டவே வடிவமைப்பாளர்கள் பல நேரம் ட்வீட்டரை வேண்டுமென்றே தலைகீழாக இணைப்பார்கள். நான் 'திருத்தியதும்' பிரியும் இடத்தில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பள்ளம் விழுந்துவிட்டது. 1976இல் லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரு பொறியாளர்கள் முன்வைத்த வடிவமைப்பு முறையின் அக்கறையே இதுதான்: இரண்டும் சேரும் இடத்தில் கூட்டுத்தொகை கெடக்கூடாது.

பழைய உறுப்புகளைக் குப்பையில் போட்டுவிட்டதால், ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் எதுவும் மிஞ்சவில்லை. அந்தப் பெட்டிகள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தையும் கண்ட பிறகே வைத்தியம் செய்யச் சொல்கிறார். அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன்தான் நானும்!

வடிவமைத்தவர் மனம்

பிபிசி வானொலிக்காரர்கள் 1970களில் செய்த எல்எஸ்3/5ஏ என்ற சிறு பெட்டி இதற்கு நல்ல பாடம். வெளியிட ஒலிபரப்பு வண்டியின் நெருக்கடியான இடத்தில் பேச்சுக் குரலைச் சரிபார்க்கச் செய்யப்பட்டது அது. அதன் வடிவமைப்பை 1976இல் பிபிசி ஆய்வுப் பிரிவே அறிக்கையாக வெளியிட்டது. உள்ளே கெஃப் நிறுவனத்தின் பி110 ஊஃபரும் டி27 ட்வீட்டரும் இருக்கும். சுமார் 3,000 ஹெர்ட்ஸில் பிரியும். கை அளவுப் பெட்டிக்குக் கிராஸ்ஓவர் மட்டும் மிகச் சிக்கலானது. அதிலுள்ள ஒரு சுருளில் பல கிளை முனைகள் உண்டு. அந்தந்த ட்வீட்டரின் அளவுக்கு ஏற்ப ஒரு முனையைத் தேர்ந்து பற்றவைப்பார்கள்.

அதாவது, கிராஸ்ஓவர் என்பது குறிப்பிட்ட ஒரு ஊஃபருக்கும் குறிப்பிட்ட ஒரு ட்வீட்டருக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை. கடையில் 'டூ வே, 100 வாட்' என்று அச்சிட்டு விற்கும் ஆயத்தப் பலகையை வாங்கி அதில் மாட்டினால், பக்கத்து வீட்டுக்காரர் சட்டையைப் போட்ட மாதிரிதான் இருக்கும்.

செய்முறை: படிப்படியாக

பற்றவைக்கத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்யலாம். தெரியாதவர்கள், ரிப்பேர் செய்பவரிடம் இந்த வரிசைப்படி கேட்கலாம்.

முதலில், கோளாறு பெட்டியிலா ஆம்ப்ளிஃபயரிலா என்று பாருங்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, இடது வலது கம்பிகளை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மாற்றிப் போடுங்கள். மந்தமான ஒலி அதே பெட்டியில் இருந்தால் பெட்டியில் கோளாறு. அடுத்த பெட்டிக்குத் தாவினால் ஆம்ப்ளிஃபயரில் கோளாறு.

இரண்டாவது, ஊஃபரின் விளிம்பைப் பாருங்கள். 1970கள், 80களின் பெட்டிகள் பலவற்றில் விளிம்பு ஸ்பாஞ்சால் ஆனது. அது தொட்டால் உதிரும். அப்படியானால் முதலில் அந்த வேலை. கிராஸ்ஓவர் பிறகு.

மூன்றாவது, எதையும் கழற்றுமுன் படம் எடுங்கள். எந்த நிறக் கம்பி எந்த முனைக்குப் போகிறது என்று தாளில் வரைந்து, கம்பியில் சீட்டு ஒட்டுங்கள். நான் செய்த மூன்றாவது தவறு இந்த ஒரு படியால் தடுக்கப்பட்டிருக்கும்.

நான்காவது, ட்வீட்டரின் ஒரு கம்பியை விடுவித்து மல்டிமீட்டரில் மின்தடை பாருங்கள். 8 ஓம் என்று எழுதிய ட்வீட்டர் பொதுவாக 5 முதல் 7 ஓம் வரை காட்டும். அப்படியானால் சுருள் அறுந்துவிடவில்லை. முடிவே இல்லாத தடை காட்டினால் அறுந்துவிட்டது. பேட்டரியை நேராகத் தொட்டு ட்வீட்டரைச் சோதிக்காதீர்கள். அதன் மெல்லிய சுருளுக்கு அது ஆகாது.

ஐந்தாவது, ஒவ்வொரு கண்டென்சரின் ஒரு காலை மட்டும் பற்று நீக்கித் தூக்கி, மதிப்பையும் உள்தடையையும் அளந்து எழுதுங்கள். சாதாரண மல்டிமீட்டர் உள்தடை காட்டாது. அதற்கு எல்சிஆர் மீட்டர் வேண்டும். இரண்டு பெட்டியின் அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் உண்மை தானே தெரியும்.

ஆறாவது, மாற்று உறுப்பு. எளிய வழி, அதே வகை: புதிய இருமுனை எலக்ட்ரோலிடிக், அதே மைக்ரோஃபாரட், 100 வோல்ட். 8 ஓம் பெட்டிக்கு 50 வாட் கொடுத்தாலும் 20 வோல்ட்தான் வரும். உச்சத்தில் 28. ஆகவே 100 வோல்ட் தாராளம். நேர்முனை எதிர்முனை குறித்த சாதாரண எலக்ட்ரோலிடிக் கூடவே கூடாது. சரியான அளவு கிடைக்காவிட்டால் இணையாகச் சேர்க்கலாம், மதிப்புகள் கூடும். 2.2 மைக்ரோஃபாரட் மூன்று சேர்ந்தால் 6.6. பிலிம் வகை போடுவதானால் விடுபடும் உள்தடைக்கு ஈடாக ரெசிஸ்டர் போட மறக்காதீர்கள். வாங்கிய புதிய உறுப்பையும் அளந்துவிட்டே போடுங்கள். மேலே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்பதும் நடக்கிறது.

ஏழாவது, காயில்களை இடம் மாற்றாதீர்கள். இரண்டு காயில்கள் பக்கத்தில் ஒரே திசையில் கிடந்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றொன்றில் ஏறும். ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்திருப்பது காரணத்தோடுதான்.

எட்டாவது, கழற்றிய பழைய உறுப்புகளை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, பெட்டிக்குள்ளேயே ஓரமாக ஒட்டி வையுங்கள். பின்னால் வருகிறவருக்கு அது சாட்சி. ஈயம் கலந்த பற்றாசு என்பதால் சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்து, முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எஸ்.பி. ரோடு என்று நாம் சொல்லும் சதர் பட்ரப்பா சாலையில் கண்டென்சர், ரெசிஸ்டர், செப்புக் கம்பி எல்லாம் கிடைக்கும். 1948இல் ஐ.டி.ஐ.யும் 1954இல் பி.இ.எல்.லும் தொடங்கப்பட்ட ஊர் இது. அந்த ஆலைகளில் பற்றவைக்கவும் அளக்கவும் கற்றுக்கொண்ட தமிழர்கள் எத்தனையோ பேர் ஓய்வுபெற்று நம் தெருக்களில் இருக்கிறார்கள். உங்கள் மாடிவீட்டுத் தாத்தாவே அப்படி ஒருவராக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று அவரும் காத்திருப்பார்.

மிருதங்கமும் ழகரமும்

சரி செய்தது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அளவு மைக்கும் கணினி மென்பொருளும் வைத்து வரைபடம் எடுக்கலாம். அதோடு நமக்கு நன்கு பழகிய ஒலி ஒன்றையும் கேட்க வேண்டும். நான் மிருதங்கத்தையும் தமிழ்ப் பேச்சையும் வைத்துப் பார்ப்பேன்.

திருச்சியில் பிறந்து, 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்து, 1970இல் இந்த ஊரிலேயே மறைந்தவர் சர் சி.வி. ராமன். ஒளி ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு பெற்ற அவர், அதற்கு முன்பே ஒலியிலும் ஆழ்ந்தவர். சாதாரணத் தோல் வாத்தியத்தின் மேலதிர்வுகள் ஒன்றுக்கொன்று ஒழுங்கான விகிதத்தில் அமையாது. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசும் கருஞ்சாந்து அவற்றை அடிப்படை அதிர்வின் மடங்குகளாக இழுத்து வைக்கிறது என்பதை அவர் 1920இலும் 1934இலும் எழுதிய கட்டுரைகளில் காட்டினார். அதனால்தான் மிருதங்கம் சுருதி சேர்கிறது.

வலந்தலையின் நாதம் ஊஃபரின் பங்கு. விரல் தோலில் படும் அந்த முதல் 'சுள்' என்ற வெட்டில் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் உண்டு, அது ட்வீட்டரின் பங்கு. கிராஸ்ஓவர் சரியாக இருந்தால் வெட்டும் நாதமும் ஒரே இடத்திலிருந்து, ஒரே விரலிலிருந்து வருவதாகக் கேட்கும். கெட்டிருந்தால் வெட்டு மேலேயும் நாதம் கீழேயுமாகப் பிரிந்து நிற்கும், அல்லது வெட்டே காணாமல் போகும்.

அடுத்தது நம் மொழி. ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவதற்கு உதவும் குறிப்புகளில் ஒன்று, ஆயிரத்தைந்நூறு முதல் மூவாயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஒலியின் செறிவு எங்கே விழுகிறது என்பது. ழகரம் சொல்லும்போது மூன்றாவது செறிவு வெகுவாகக் கீழிறங்கும். ச, ஷ, ஸ போன்ற உரசொலிகளின் அடையாளம் அதற்கும் மேலே. பல இருவழிப் பெட்டிகளின் கிராஸ்ஓவர் பிரிவதும் இதே வட்டாரத்தில்தான். அங்கே பள்ளம் விழுந்தால், பாட்டு ஏதோ ஒரு மாதிரி ஓடிவிடும். சொல் மங்கிவிடும். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ழகரம் வராததற்கு ஒலிபெருக்கிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை! ஆனால் பழைய நாடக வசனத்தையும் மேடைப் பேச்சையும் அவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறபோது, எழுத்து எழுத்தாகக் காதில் விழட்டுமே.

கம்பளி விலகியது

அல்சூர் அம்மாளின் பெட்டிகளைத் திறந்தபோது கிராஸ்ஓவர் மிக எளியதாக இருந்தது. ட்வீட்டருக்கு 6.8 மைக்ரோஃபாரட் என்று எழுதிய ஒரே எலக்ட்ரோலிடிக். அந்த மதிப்புக்குச் சுமார் 2,900 ஹெர்ட்ஸில் பிரிய வேண்டும். இடது பெட்டியில் அளந்தால் 2.1 தான் இருந்தது. கணக்குப்படி 9,500 ஹெர்ட்ஸுக்குப் போய்விட்டது. வலது பெட்டியில் மதிப்பு 6.1, பரவாயில்லை. ஆனால் உள்தடை 5 ஓம், அதாவது சுமார் 4 டெசிபல் இழப்பு. இரண்டு பெட்டியும் இரண்டு வேறு நோயால் ஒரே மாதிரி மந்தமாகியிருந்தன. இரண்டு ட்வீட்டரும் நல்ல உடம்போடு இருந்தன. காயிலைத் தொடவில்லை. கண்டென்சர் இரண்டை மட்டும் அதே வகையில் மாற்றி, பழையதைக் கவரில் போட்டு உள்ளே ஒட்டினேன்.

பாட்டுப் போட்டுச் சரிபார்த்த பிறகு, அந்த அம்மாள் பீரோவிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து வந்தார். மகன் முதல் வகுப்புப் படித்தபோது தமிழ் ஒப்புவித்தல் போட்டிக்கு வீட்டில் பயிற்சி கொடுத்ததை அவர் கணவர் பதிவு செய்தது. சிறுவன் குரல் கணீரென்று வந்தது. நடுவில் அவன் மறந்து நிற்கிறான். இதற்கு முன் அந்த இடத்தில் வெறும் இரைச்சல்தான் கேட்குமாம். இப்போது அந்த இரைச்சலுக்கு நடுவில், அடுத்த சொல்லை அப்பா கிசுகிசுப்பாக எடுத்துக் கொடுப்பது கேட்டது. கிசுகிசுப்பில் குரல்நாளம் அதிர்வதில்லை. அதில் இருப்பதெல்லாம் மூச்சும் உரசலும்தான். அந்த ஒலியின் பெரும்பகுதி ட்வீட்டரின் பங்கு.

தூக்கிப் போடலாம் என்று சொன்ன மகன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். "இன்னொரு தடவை போடுங்க அங்கிள்" என்றார். மூன்று தடவை போட்டோம். பெட்டிகள் இப்போது அந்த வீட்டுக் கூடத்திலேயே இருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஜோடி துணி போர்த்தி மூலையில் கிடந்தால், இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடுமுன் ஒரு மல்டிமீட்டர் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். முதலில் அளக்கச் சொல்லுங்கள். மாற்றுவது பிறகு.